பழைய லேப்டாப்பில் பாட வீடியோ: கட்டற்ற மென்பொருளை மட்டும் வைத்து முடியுமா?

தேரிக்காடு | 2 நவம்பர் 2025, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். திசையன்விளைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று வருடமாகப் பாட வீடியோ எடுத்து அனுப்பி வருகிறேன். செல்போனில் எடுத்து லேப்டாப்பில் வெட்டி ஒட்டித் தலைப்புப் போடுவேன், அவ்வளவுதான்.

லேப்டாப் 2016ல் வாங்கியது. ஐ5, ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ரேம். அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது. 11க்குப் போகலாம் என்றால் இன்டெல் பிராசசர் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டுமாம். கணினி நன்றாகத்தான் ஓடுகிறது. ஓடுகிற ஒன்றைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை, புதிது வாங்கப் பணமும் இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. நான் எடிட்டிங் செய்யும் மென்பொருள், கணினி பழுது பார்ப்பவர் போட்டுக் கொடுத்தது. காசு கட்டி வாங்கியது இல்லை. போன மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "டீச்சர், அந்த சாஃப்ட்வேரை எனக்கும் பென் டிரைவில் போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பரீட்சையில் பார்த்து எழுதாதே என்று சொல்கிற வாயால் அவளுக்கு என்ன பதில் சொல்ல?

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்கிற இயங்குதளத்துக்கு மாறி, ஒலி, வீடியோ, தமிழ்த் தலைப்பு எல்லாவற்றையும், யாரும் பிரதி எடுத்துப் பகிரலாம் என்கிற கட்டற்ற மென்பொருளிலேயே செய்ய முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கேமராக்கண் | 2 நவம்பர் 2025, இரவு 10.25

முடியும் டீச்சர். வேடசந்தூரில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை. நாலு வருடமாகப் பாதி வேலை லினக்ஸில்தான் நடக்கிறது.

நானும் கிராக், அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைத்த பிரதி, போட்டு ஓட்டியவன்தான். 2021ல் ஒரு ஆவணி முகூர்த்தத்துக்கு மறுநாள் காலை கணினியைத் திறந்தால் எல்லா ஃபைல் பெயருக்கும் பின்னால் ஏதோ ஒரு வால் ஒட்டியிருந்தது. எதுவும் திறக்கவில்லை. பணம் கட்டினால்தான் பூட்டைத் திறப்போம் என்று ஒரு குறிப்பு. கேமரா கார்டை நான் அழிக்காமல் வைத்திருந்ததால் அந்தக் கல்யாணம் பிழைத்தது. அதற்கு முந்தைய இரண்டு கல்யாணங்களின் எடிட்டிங் போயே போச்சு. கிராக் வழியாகத்தான் வைரஸ் உள்ளே வந்தது என்று சரிபார்த்தவர் சொன்னார்.

உங்கள் லேப்டாப்புக்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22 போடுங்கள். 2029 வரை ஆதரவு உண்டு. எடுத்ததும் நிறுவ வேண்டாம். பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கணினியைத் துவக்கிப் பாருங்கள். வைஃபை, ஸ்பீக்கர், டச்பேட் எல்லாம் வேலை செய்கிறதா என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து சோதித்தால் போதும், உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. நிறுவுவதற்கு முன்னால் உங்கள் படங்களையும் வீடியோக்களையும் வெளி டிஸ்க்கில் இரண்டு பிரதி எடுத்துவிடுங்கள். இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

எடிட்டிங்குக்குக் கேடென்லைவ், குரலுக்கு ஆடாசிட்டி, திரையைப் பதிய ஓபிஎஸ், படத்துக்குக் கிம்ப், இங்க்ஸ்கேப். உங்கள் வேலைக்கு இது தாராளம்.

மலையோரம் | 3 நவம்பர் 2025, காலை 6.50

இடுக்கி மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் பாடம் எடுக்கிறேன். கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகளில் அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான கைட் நிறுவனம் தருகிற லினக்ஸ்தான் ஓடுகிறது, இப்போது இருப்பது உபுண்டு 22.04ஐ அடிப்படையாகக் கொண்டது. இங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு லினக்ஸ் ஒரு புது விஷயமே இல்லை. தண்ணீர்க் குழாய் மாதிரி, திறந்தால் வருகிறது. லிட்டில் கைட்ஸ் மன்றத்தில் இருக்கும் பிள்ளைகள் பள்ளி விழாவைத் தாங்களே படம் பிடித்து, தாங்களே வெட்டி, பின்னணிக் குரல் கொடுக்கிறார்கள். அசைபடத்துக்கு ஓப்பன்டூன்ஸ். ஜப்பானில் ஸ்டுடியோ ஜிப்லி பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருளின் திறமூலப் பதிப்பு அது, 2016ல் வெளியிட்டார்கள். தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை அதே கருவியை ஒரு பைசா இல்லாமல் தன் வீட்டுக் கணினியிலும் போட்டுக்கொள்கிறது.

உங்கள் மாணவி கேட்ட கேள்வியை எங்கள் பிள்ளைகளும் கேட்பார்கள். நாங்கள் உடனே போட்டுக் கொடுப்போம். உரிமமே அதைத்தான் சொல்கிறது: பயன்படுத்து, பிரதி எடு, மாற்று, பிறருக்குக் கொடு.

அறிவியல் ஆசிரியை என்பதால் ஒன்று சொல்கிறேன். ஸ்டெல்லேரியம் போட்டுப் பாருங்கள். உங்கள் ஊரின் அட்சரேகையைக் கொடுத்தால் இன்று இரவு உங்கள் தலைக்கு மேல் இருக்கும் வானத்தை அப்படியே காட்டும். அதை ஓபிஎஸ்ஸில் பதிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

வெட்டுமேசை | 3 நவம்பர் 2025, மதியம் 1.15

மாற்றுக் கருத்து ஒன்று. பன்னிரண்டு வருடமாகச் சென்னையில் எடிட்டராக இருக்கிறேன். விளம்பரம், தொடர், இரண்டு படங்களில் உதவி.

டீச்சருக்கு இது போதும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "எல்லாம் முடியும்" என்று சொல்லி ஆட்களை இழுத்து வந்தால், பிழைப்புக்காக வருகிறவன் மாட்டிக்கொள்வான். எங்கள் வேலை தனியாள் வேலை இல்லை. நான் வெட்டியதை இன்னொருவர் வண்ணம் திருத்துவார், வேறொருவர் ஒலி சேர்ப்பார், இன்னொருவர் கிராஃபிக்ஸ் போடுவார். நாலு பேரும் ஒரே ப்ராஜெக்ட் ஃபைலைக் கை மாற்றுகிறோம். அங்கே நான் மட்டும் கேடென்லைவில் இருந்தால் சங்கிலி அறுந்துவிடும். அசையும் கிராஃபிக்ஸ் வேலைக்கு ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குச் சமமான ஒன்று கட்டற்ற பக்கம் இன்னும் இல்லை. அச்சு வேலைக்குக் கிம்பில் நேரடியாக நாலு வண்ண முறையில் வேலை செய்ய முடியாது. கேடென்லைவ் அடிக்கடி விழுந்து எழும் என்பதும் நான் பட்ட அனுபவம். 2018ல் ஒரு குறும்படத்தின் பாதியில் வெறுத்து விட்டேன்.

காசு இல்லாமல் வேண்டும் என்றால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே இருக்கிறது. வண்ணத்தில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

கேமராக்கண் | 3 நவம்பர் 2025, இரவு 11.05

அண்ணன் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். சங்கிலி விஷயம் உண்மை. அதனால்தான் என் ஸ்டுடியோவிலும் ஒரு விண்டோஸ் கணினி இருக்கிறது. ஆல்பம் அடிக்கும் லேப் கேட்கிற ஃபைலை நான் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அதற்குக் காசு கட்டித்தான் வாங்கியிருக்கிறேன்.

ரிசால்வ் நல்ல மென்பொருள்தான், ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு கேட்கும். டீச்சரின் லேப்டாப்பில் திறந்தாலே மூச்சு வாங்கும். அதோடு அது இலவசம், கட்டற்றது இல்லை. கொடுத்தவர் நாளைக்கு நிறுத்தினால் நின்றுவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் திறந்து பார்க்க முடியாது.

நிலைத்தன்மை பற்றி: 2018ல் நீங்கள் பார்த்த கேடென்லைவ் வேறு. 2019ல் அதன் உட்பகுதியை நிறைய மாற்றி எழுதினார்கள். 2022ல் 15,000 யூரோ இலக்கு வைத்துப் பணம் திரட்டினார்கள், இலக்கைத் தாண்டி வந்தது. 2023 ஏப்ரலில் வந்த 23.04 பதிப்பில் ஒரே ப்ராஜெக்ட்டுக்குள் பல டைம்லைன் வைக்கும் வசதி வந்தது. முகூர்த்தம் ஒரு டைம்லைன், வரவேற்பு ஒரு டைம்லைன், இரண்டையும் சேர்த்து மூன்றாவது என்று நான் இப்போது அதில்தான் பிரிக்கிறேன்.

இன்னொன்று. கேடென்லைவின் ப்ராஜெக்ட் ஃபைல் வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேட் மாதிரி எதிலும் திறக்கலாம். போன தை மாதம் ஒரு கல்யாணம். மணப்பெண் பெயர் கற்பகவல்லி. நான் பதினான்கு தலைப்பு அட்டைகளிலும் "கற்பகவள்ளி" என்று அடித்து வைத்திருந்தேன். பெண்ணின் தாத்தா பார்த்துவிட்டு, "தம்பி, மயிலாப்பூர் அம்மன் பேரை மாத்திட்டியே" என்றார். வீட்டுக்கு வந்து ப்ராஜெக்ட் ஃபைலை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, எழுத்துத் திருத்தியில் திறந்து, "வள்ளி"யைத் தேடி "வல்லி" என்று மாற்றச் சொன்னேன். பதினான்கும் மாறிவிட்டன. மாப்பிள்ளையின் அத்தை பெயர் நிஜமாகவே வள்ளியம்மாள், அதை மட்டும் கையால் திருப்பி வைத்தேன். வேலை ஐந்து நிமிடம்.

என் 2014, 2015 ப்ராஜெக்ட்டுகள் பழைய மென்பொருளில் இருக்கின்றன. அதன் உரிமம் என்னிடம் இல்லை, இன்று அவற்றைத் திறக்க வழியும் இல்லை. நான் உழைத்த உழைப்பு என் டிஸ்க்கிலேயே எனக்குப் பூட்டிக் கிடக்கிறது. அதுதான் என்னை மாற்றியது, காசு இல்லை.

பனைநிலம் | 4 நவம்பர் 2025, காலை 8.30

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ரீச்சர் தமிழ்த் தலைப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் பதில்.

எங்கட பக்கம் வீடியோ செய்கிற பெடியன்கள் இன்றைக்கும் பாமினி எழுத்துருவிலதான் தலைப்பு அடிப்பார்கள். ஏனென்றால் அவர்கள் பழகிய மென்பொருள்களில் ஒருங்குறித் (யூனிகோட்) தமிழ் நீண்ட காலம் உடைந்து தெரிந்தது. "ஒளிச்சேர்க்கை" என்று அடித்தால் சேயின் கொம்பு சகரத்துக்கு வலப்பக்கம் போய் நிற்கும், கையின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் தொங்கும். பாமினியில் அந்தப் பிரச்சினை இல்லை, கொம்பை முதலில் அடித்துவிட்டுப் பிறகு எழுத்தை அடிக்கிறோம். ஆனால் அது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். ஏனென்றால் பாமினியில் மெய்யின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான். வள்ளி வல்லி என்று தேடி மாற்றுகிற கதையெல்லாம் அங்கே நடவாது.

கட்டற்ற மென்பொருள்களில் எழுத்தைக் கோத்துக் காட்டுகிற வேலையைப் பெரும்பாலும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் தொகுப்பு செய்கிறது. கேடென்லைவிலும் இங்க்ஸ்கேப்பிலும் தமிழ் ஒழுங்காக வரும். பிளெண்டர் என்ற முப்பரிமாண, அசைபட மென்பொருளில் தமிழ் எழுத்து வேண்டுமென்றால் நான் இங்க்ஸ்கேப்பில் அடித்து, எழுத்தைப் பாதையாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகச் சேமித்து உள்ளே கொண்டுபோவேன். எந்தப் பதிப்பிலும் உடையாது.

எழுத்துக்கூட்டி | 4 நவம்பர் 2025, காலை 10.10

பனைநிலம் சொன்னதோடு சேர்த்து எழுத்துருக்கள். மீரா இனிமை, முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், கவிவாணர், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைப்பவை. வீடியோவில் தாராளமாகப் பயன்படுத்தலாம், விற்கிற வீடியோவிலும்தான். செல்போன் திரையில் பார்க்கும் பிள்ளைகளுக்கு முக்த மலர் தடித்த வடிவத்தை நான் சொல்வேன். மெல்லிய எழுத்துரு அழகாக இருக்கும், ஐந்து அங்குலத் திரையில் ணகரமும் னகரமும் ஒன்றாகிவிடும்.

லினக்ஸில் தமிழ் தட்டச்சு செய்ய ஐபஸ் போதும், தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் அதில் உண்டு. தமிழில் படித்துக்கொள்ள வேண்டும் என்றால் கணியம் தளத்தில் லினக்ஸ் பற்றிய தமிழ் மின்னூல்கள் இலவசமாகவே இருக்கின்றன.

தேரிக்காடு | 16 நவம்பர் 2025, இரவு 8.20

தாமதத்துக்கு மன்னிக்கவும், இடைப்பட்ட நாளில் மின்ட் போட்டுவிட்டேன். வைஃபை முதல் முறையே வந்துவிட்டது. பிரிண்டர்தான் ஒருநாள் தகராறு செய்தது, பள்ளியில் ஒரு தம்பி சரிசெய்து கொடுத்தார்.

முதல் வீடியோ "ஒளிச்சேர்க்கை". பனைநிலம் அவர்களின் பதிவைப் படித்த பிறகு வேண்டுமென்றே அதையே தேர்ந்தெடுத்தேன். தலைப்புச் சரியாக வருகிறது. கொம்புகள் தம் இடத்தில் நிற்கின்றன.

ஆனால் புதுச் சிக்கல். பதினெட்டு நிமிட வீடியோவில் முதல் இரண்டு நிமிடம் உதடும் குரலும் ஒட்டியிருக்கின்றன. போகப் போகக் குரல் பின்தங்குகிறது. கடைசியில் நான் இலையைக் கீழே வைத்து முடித்த பிறகு "இப்போது இலையை வைக்கிறேன்" என்கிறது. அதோடு முன்னோட்டம் பார்க்கும்போது படம் விட்டு விட்டு ஓடுகிறது. லேப்டாப் பழசு என்பதாலா?

வெட்டுமேசை | 16 நவம்பர் 2025, இரவு 9.00

இல்லை டீச்சர், குற்றம் செல்போனில். செல்போன் கேமரா சீரான வேகத்தில் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு 30 படத்திலிருந்து தானே குறைத்துக்கொள்ளும். குரல் மட்டும் சீராகப் பதிவாகும். எடிட்டிங் மென்பொருள் எல்லாப் படமும் ஒரே இடைவெளி என்று கணக்குப் போடுவதால் இரண்டும் விலகுகின்றன. எந்த மென்பொருளிலும் வரக்கூடியதுதான் இது.

கேடென்லைவில் அந்த கிளிப்பைச் சேர்க்கும்போது வேகம் மாறுகிறது என்று ஓர் அறிவிப்பு வந்திருக்கும், மாற்றித் தரவா என்று கேட்டிருக்கும். "வேண்டாம்" என்று அழுத்தியிருப்பீர்கள். அதை ஏற்றுக்கொள்ளுங்கள். கோப்பு பெரிதாகும், இடம் ஒதுக்குங்கள். இல்லையென்றால் ஹாண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான 30 என்று கொடுத்து மாற்றிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள்.

விட்டு விட்டு ஓடுவதற்கு ப்ராக்ஸி. அமைப்புகளில் அதை இயக்கினால் ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன அளவில் ஒரு பிரதி செய்து, எடிட்டிங் முழுக்க அதில் நடக்கும். முடிந்த வீடியோவை வெளியே எடுக்கும் கடைசி ரெண்டரில் அசல் வரும். இனிமேல் எடுப்பதற்குச் செல்போன் அமைப்பில் வீடியோவைச் சுருக்கும் முறையாக எச்.265ஐ விட்டுவிட்டு எச்.264 வைத்துக்கொள்ளுங்கள், பழைய பிராசசருக்குச் சுமை குறையும்.

கேமராக்கண் தம்பிக்கு: உங்கள் பதிவைப் படித்துவிட்டு புதுப் பதிப்பை இறக்கி ஒரு வாரம் ஓட்டினேன். இரண்டு முறை விழுந்தது, இரண்டு முறையும் தானே சேமித்த பிரதியிலிருந்து மீண்டும் எழுந்தது. 2018 அனுபவத்தை வைத்து நான் சொன்னதை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன். சங்கிலி பற்றிச் சொன்னதைத் திருத்தவில்லை.

மலையோரம் | 17 நவம்பர் 2025, காலை 7.05

சங்கிலி பற்றி ஒன்று. பிளெண்டரின் கதையை நினைத்துப் பாருங்கள். 2002ல் அதை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டது. டோன் ரோசெண்டால் பொதுமக்களிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டி, அதைக் கட்டி, மூல நிரலை விடுவித்தார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்தது. அன்றைக்கு யாரும் அதைத் தொழில்முறைக் கருவியாக மதிக்கவில்லை. 2025ல் சிறந்த அசைபடத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியாவின் "ஃப்ளோ" பிளெண்டரில் செய்த படம். எல்லோரும் வேறு சங்கிலியில் இருக்கிறார்கள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

வெட்டுமேசை | 17 நவம்பர் 2025, காலை 9.30

அது நல்ல உதாரணம்தான், ஆனால் அங்கே இயக்குநரே முடிவெடுத்தார். மாதச் சம்பளத்துக்கு இருக்கிற எடிட்டர் எந்த மென்பொருள் என்று தீர்மானிக்க முடியாது. பிள்ளைகள் இதில் பழகி வந்தால் பத்து வருடத்தில் சங்கிலி மாறலாம், அதை ஏற்கிறேன். அதுவரை வேலை தேடி வருகிறவர்கள் இரண்டையும் கற்றுக்கொள்ளட்டும்.

கேமராக்கண் | 17 நவம்பர் 2025, இரவு 10.40

டீச்சர், இரண்டு சின்ன விஷயம். ஆடாசிட்டியில் மின்விசிறிச் சத்தத்தை எடுக்க, பேசத் தொடங்கும் முன் மூன்று நொடி சும்மா நில்லுங்கள். அந்த மூன்று நொடியைத் தேர்ந்தெடுத்து இரைச்சலின் மாதிரியாக எடுத்துக்கொள்ளச் சொல்லி, பிறகு முழுவதையும் தேர்ந்தெடுத்து 12 டெசிபல் குறைத்தால் போதும். 24 வைத்தால் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரி ஆகிவிடும்.

ஓபிஎஸ்ஸில் பதியும்போது எம்கேவி வடிவத்தில் பதியுங்கள், சாதாரண எம்பி4 வேண்டாம். கரண்ட் போனால் எம்பி4 முழுதும் போய்விடும், கடைசியில் எழுத வேண்டிய அட்டவணை எழுதப்படாமல் நின்றுவிடுவதால். எம்கேவி அதுவரை பதிந்த வரைக்கும் திறக்கும். முடிந்ததும் ஓபிஎஸ்ஸுக்குள்ளேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

தேரிக்காடு | 7 டிசம்பர் 2025, மாலை 6.15

இரண்டு பாடங்கள் முடித்துவிட்டேன். குரல் இப்போது உதட்டோடு ஒட்டி நிற்கிறது. நன்றி வெட்டுமேசை சார்.

எம்கேவி ஆலோசனை போன வியாழக்கிழமையே கை கொடுத்தது. லேப்டாப்பின் பேட்டரி செத்து ஒரு வருடமாகிறது, கரண்டில்தான் ஓடுகிறது. ஸ்டெல்லேரியத்தில் ஓரியன் எழுவதைப் பதிந்துகொண்டிருந்தேன், இருபத்திரண்டாவது நிமிடத்தில் கரண்ட் போனது. மறுபடி வந்ததும் திறந்து பார்த்தால் இருபத்தொரு நிமிடம் சொச்சம் அப்படியே இருந்தது. கடைசி வாக்கியம் மட்டும் திரும்பப் பேசினேன்.

கேள்வி கேட்ட மாணவியைத் திங்கள்கிழமை மதிய இடைவேளையில் கூப்பிட்டேன். அவள் அண்ணனிடம் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறதாம், அரசு கொடுத்தது. மின்ட், கேடென்லைவ், ஆடாசிட்டி மூன்றையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். "டீச்சர், இதை என் தோழிக்கும் கொடுக்கலாமா?" என்று கேட்டாள். கொடு என்றேன். இப்போது ஐந்து பேர் இருக்கிறார்கள். தேரியில் மணல் காற்றில் நகர்வதை எடுக்கப் போகிறோம் என்று அவர்களே முடிவு செய்திருக்கிறார்கள். சிவப்பு மணல், அதிகாலை வெளிச்சம். ஒரே கஷ்டம், அங்கே அடிக்கிற காற்றில் செல்போன் மைக்கில் வேறு எதுவும் கேட்காது.

கேமராக்கண் | 7 டிசம்பர் 2025, இரவு 9.50

அந்தக் காற்றை ஆடாசிட்டி எடுக்காது டீச்சர், மாதிரி எடுக்கிற அளவுக்கு அது ஒரே சீராக வீசாது. மைக்கிலேயே தடுக்க வேண்டும். என்னிடம் பஞ்சு உறை போட்ட பழைய சட்டை மைக் இரண்டு சும்மா கிடக்கின்றன. தை மாதம் 10ஆம் தேதி நாங்குநேரியில் ஒரு கல்யாணம் எடுக்க வருகிறேன். முகூர்த்தம் முடிந்ததும் அப்படியே திசையன்விளை வந்து கொடுத்துவிட்டுப் போகிறேன். பிள்ளைகளைச் செல்போன்களில் இடம் காலி செய்து வைக்கச் சொல்லுங்கள்.